கெத்து வேண்டாம், கேஜ் போட்ட மாருதி 800 போதும்

மக்களே, 2025 ஜனவரியில இருந்து தமிழ்நாட்டுல எல்லாரும் எண்டூரன்ஸ் ரேஸ் நிபுணர் ஆயிட்டாங்க. துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித் குமார் டீம் போர்ஷே 992 பிரிவுல மூணாவது வந்ததுல இருந்து, டீக்கடையில கூட "பிட் ஸ்டாப்ல டைம் போயிடுச்சு மச்சி"ன்னு பேச்சு. சந்தோஷம்தான். பயிற்சியில கார் தடுப்புல மோதி நொறுங்கின பிறகும் மறுபடி ஹெல்மெட் மாட்டின மனுஷன் மேல எனக்கும் மரியாதை உண்டு. ரசிகக் கண்மணிகள் ஆட்டோ அனுப்ப வேண்டாம்.

என் கேள்வி வேற. அந்த ரேஸைப் பாத்து புல்லரிச்சவங்கள்ல, "நாமளும் ஒரு 24 மணி நேரம் ஓட்டிப் பாக்கலாமா"ன்னு யாராவது கேட்டீங்களா? கேட்க மாட்டோம். ஏன்னா ரேஸ்னா கோடீஸ்வரன் ஓட்டணும், நாம கேலரியில நின்னு விசில் அடிக்கணும்னு மனசுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருக்கோம். அந்த முடிவு தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

நேரா விஷயத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுக்கு இப்ப தேவை, காரின் விலை அம்பதாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாதுன்னு உச்சவரம்பு வெச்ச, பழைய கார்களுக்கான ஒரு 12 மணி நேரப் பந்தயம். அதுக்கு வேண்டிய ட்ராக், வண்டி, மெக்கானிக், இன்ஜினியர் எல்லாம் இங்க இருக்கு. இல்லாத ஒரே விஷயம், ஓட்டை வண்டியோட நாலு பேர் முன்னாடி போய் நிக்கிற தைரியம்.

அமெரிக்காக்காரன் என்ன பண்ணினான்

2006-ல கலிஃபோர்னியாவில ஜே லாம்-ங்கிறவர் ஒரு கூத்து ஆரம்பிச்சார். பிரான்ஸ்ல 1923-ல இருந்து நடக்கிற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தோட பேரைக் கிண்டல் பண்ணி, '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. அங்க உருப்படாத காருக்கு 'லெமன்'னு பேரு. (நாம புது கார் சக்கரத்துக்கு அடியில வெக்கிற அதே எலுமிச்சம்பழம்தான். ஆனா அவங்களுக்கு வண்டியே எலுமிச்சம்பழம்!)

விதி ஒண்ணுதான் முக்கியம். காருக்கு 500 டாலருக்கு மேல செலவு பண்ணக் கூடாது. அன்னிக்கு டாலர் 45 ரூபாய் பக்கம், அப்போ 22 ஆயிரம் சொச்சம். ஆனா கேஜ், சீட், பெல்ட், தீயணைப்பான், பிரேக் மாதிரி பாதுகாப்பு சமாச்சாரம் எதுவும் இந்தக் கணக்குல வராது. அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் செலவு பண்ணு, தரம் குறைஞ்சா ட்ராக்குக்குள்ள விட மாட்டோம்னுட்டாங்க.

பொய்க் கணக்கு காட்டினா? நடுவர்கள் வண்டியைச் சுத்தி வந்து பாத்துட்டு, தாண்டின ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுத்து அபராதம் போடுவாங்க. நடுவருக்கு வெளிப்படையாவே லஞ்சம் கொடுக்கலாம், அதையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிப்பாங்க. ட்ராக்குல தாறுமாறா ஓட்டினா, ஊரே சிரிக்கிற மாதிரி ஏதாவது தண்டனை. உச்சகட்டமா, அங்க பெரிய கௌரவமே முதல்ல வந்த வண்டிக்கு இல்ல. "இது கேட்டைத் தாண்டுமா"ன்னு எல்லாரும் நெனச்ச ஒரு கொடுமையான வண்டி கடைசி வரைக்கும் தாக்குப் பிடிச்சு ஓடிச்சுன்னா, அதுக்குத்தான் பெரிய பரிசு.

பேர்ல 24 இருந்தாலும் பெரும்பாலும் ரெண்டு நாள் சேர்த்து 14, 15 மணி நேரம்தான் ஓடும். இத்தனை வருஷம் ஆகியும் இன்னும் அமெரிக்கா முழுக்க நடந்துக்கிட்டு இருக்கு. ஓட்டுறவங்க வாத்தியார், பிளம்பர், நம்மள மாதிரி கீபோர்டு தட்டுற ஆளுங்க.

இங்கிலாந்துக்காரன் பழைய சிட்ரோயன் 2சிவி காரை வெச்சுக்கிட்டு 24 மணி நேரம் ஓட்டுறான். கூட்டிக் கழிச்சாலும் நம்ம மாருதி 800 பவர் கூட அதுக்கு வராது. அவ்வளவு ஏன், தூத்துக்குடிக்கு நேர் எதிர்ல கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில, பழைய மினி கார்களுக்குன்னே தனிப் பந்தயம் இருக்கு. நாம மட்டும் ரேஸ்னா ஃபெராரி, இல்லேன்னா ஒண்ணுமே இல்லைன்னு உக்காந்திருக்கோம்.

இது நமக்குப் புதுசா என்ன?

கிடையவே கிடையாது. சோழவரம்னு ஒரு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் வருஷக்கணக்கா ரேஸ் நடத்திச்சு. ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில தட்டி, ஒட்டி, கடைஞ்சு எடுத்துட்டு வந்து ஓட்டினாங்க. மகாராஜாவும் வந்தார், மெக்கானிக்கும் வந்தார்.

அப்புறம் கோயமுத்தூர் கரிவர்தன். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி பண்ணக் கட்டுப்படியாகாத 1980-களின் கடைசியில, சாதாரண மாருதி 800-ஓட 796 சிசி எஞ்சினைத் தூக்கி ஒரு ஒத்தை சீட் ரேஸ் காருக்குள்ள வெச்சார். அதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் முதல்ல ரேஸ் ஓட்டினது அந்த வண்டியிலதான். அங்கிருந்து 2005-ல ஜோர்டன் டீம்ல ஃபார்முலா 1 வரைக்கும் போனார். கரிவர்தன் 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற ட்ராக்குக்கு அவர் பேர்தான். பேரை வெச்சோம் சரி, அவர் புத்தியை எங்க வெச்சோம்?

இந்தியா முழுக்க இருக்கிற நிரந்தர ரேஸ் ட்ராக்குகளை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல செட்டிபாளையமும், இருங்காட்டுக்கோட்டையும் (3.7 கிமீ, 1990-ல இருந்து இருக்கு) நம்ம ஊர்ல. இப்படி ட்ராக்கைக் கையில வெச்சுக்கிட்டு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல தீவுத்திடலைச் சுத்தி ரோட்டை அடைச்சு ராத்திரியில ஃபார்முலா 4 ஓட்டினோம். லைட்டெல்லாம் ஜெகஜோதியா இருந்துச்சு, நானும் டிவியில பாத்தேன். ஆனா அதைப் பாத்து ஆசைப்பட்ட ஒரு பாலிடெக்னிக் பையன் மறுநாள் காலையில எங்க போய் நிப்பான்? அதுக்குப் பதில் சொல்லுங்கய்யா மொதல்ல.

எண்டூரன்ஸ்னா மெக்கானிக் ரேஸ்

நம்ம ஊர் சர்க்யூட் ரேஸ் பெரும்பாலும் ஸ்பிரிண்ட் சமாச்சாரம். கொஞ்சம் சுத்து, அரை மணி நேரத்துக்குள்ள கதை முடிஞ்சிடும். அதுல பணமும் டிரைவரும்தான் ஜெயிக்கும். 12 மணி நேரம்னா கணக்கே மாறிப்போவுது. ஒரு சுத்துல ரெண்டு செகண்ட் வேகமா போறவனை விட, ஒரு தடவை கூட பானெட்டைத் தொறக்காதவன் ஜெயிப்பான்.

எங்க ஆத்தூர்ல பட்டறை வெச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட இதைப் பத்தி ஒரு நாள் கேட்டேன். "அண்ணாச்சி, மாருதி 800-ஐ 12 மணி நேரம் மிதிச்சு ஓட்டினா என்ன ஆகும்?"

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. மத்ததெல்லாம் போவும். ரேஸுன்னா எல்லாவனும் எஞ்சினைத்தான் நோண்டுதான். வண்டியை நிப்பாட்டுறது என்னமோ நூறு ரூவா ஹோஸு பைப்பு."

முப்பது வருஷ அனுபவம் ரெண்டு வரியில. உலகம் முழுக்க மலிவு ரேஸ் ஓட்டுறவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும் இதேதான். அம்பதாயிரத்துக்குள்ள ஒரு 800-ஐத் தயார் பண்ணணும்னா வரிசை இப்படித்தான் வரும்:

1. தரை. எங்க பக்கம் உப்பளக் காத்து. ஆறுமுகநேரி, தூத்துக்குடி வண்டின்னா மேல பளபளன்னு இருக்கும், மேட்டைத் தூக்கினா ரோடு தெரியும். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாக்கணும், உள்ள போச்சுன்னா அந்த வண்டி வேண்டாம். கேஜை எதுல வெல்டு பண்ணுவீங்க? துருப்பிடிச்ச தகரத்துல பண்ணின கேஜ், வண்டி உருண்டா தரையைப் பொத்துக்கிட்டு இறங்கிடும்.

2. கேஜ். தண்ணி பைப்பை வளைச்சு கேஜ்னு சொல்லிக்கிட்டு திரியுற கோஷ்டி இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். தையல் இல்லாத ஸ்டீல் குழாய், கால் பதியிற இடத்துல தடிமனான பிளேட்டு, தேர்ந்த கை வெல்டிங். இங்க காசு மிச்சம் பிடிக்கிறவன் ரேஸுக்கு வரவே வேண்டாம்.

3. சூடு. ரேடியேட்டரைக் கழட்டி கழுவணும், ஹோஸ் எல்லாம் புதுசு, ஃபேன் சுவிட்சு, மூடி வரைக்கும் பாக்கணும். அலுமினிய ஹெட்டு ஒரு தடவை சூடாகி வளைஞ்சா கேஸ்கெட் போயிடும், அன்னிக்கு ரேஸும் போயிடும்.

4. பிரேக். ரோட்டுல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அழுத்தி மிதிப்போம். ட்ராக்குல ஒவ்வொரு சுத்துலயும் நாலஞ்சு தடவை. பழைய பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சிருக்கும். சூடானா கொதிச்சு ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரைக்கும் போவும். புது ஆயில், புது பேடு, டிஸ்க்குக்குக் காத்து போக ஒரு குழாய். மொத்தமே சில ஆயிரம்தான்.

5. வீல் பேரிங், எஞ்சின் மவுண்ட், பெல்ட், ஒயரிங். போரிங்கான வேலை. அதைச் செஞ்சவன்தான் ராத்திரி வரைக்கும் ஓட்டுவான்.

6. எஞ்சின். ஆயில் மாத்து, வால்வ் செட் பண்ணு, மூடி வை. 37 குதிரைச்சக்தியை 45 ஆக்குறேன்னு கிளம்பினவன் மதியம் மூணு மணிக்கு மரத்தடியில உக்காந்திருப்பான்.

இந்த ஆறுல எதுவாவது அண்ணாச்சிக்குத் தெரியாததா? புன்னக்காயல் வள்ளத்துல உப்புத்தண்ணியிலயே ஊறிக் கிடக்கிற டீசல் எஞ்சினை வருஷக்கணக்கா ஓட வெக்கிறானே, அவன் பண்றது எண்டூரன்ஸ் இல்லாம வேற என்ன? அந்த அறிவுக்கு ஒரு மேடை கிடையாது, ஒரு கோப்பை கிடையாது. டிரைவருக்கு மாலை போடுற நாடு இது. ஸ்பானர் பிடிச்சவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறதோட நம்ம மரியாதை முடிஞ்சிடுது.

இன்னொரு பக்கம், இன்ஜினியரிங் முடிச்சும் ஒரு தடவை கூட ஹெட் போல்ட்டைக் கழட்டிப் பாக்காத கூட்டம். என் மாதிரி சாஃப்ட்வேருக்கு ஓடினவங்களை விடுங்க, மெக்கானிக்கல் படிச்சவன் கதியே அதான். காலேஜ்ல பாஹா போட்டிக்குன்னு லட்சக்கணக்குல செலவழிச்சு வண்டி பண்றாங்க, நல்ல விஷயம். பையன் பாஸாகி வெளிய போனா அந்தப் படிப்பு அதோட குளோஸ், வண்டி ஒர்க்‌ஷாப் மூலையில. அண்ணாச்சியையும் அந்தப் பையனையும் ஒரே வண்டிக்கு அடியில படுக்க வெக்கிற சக்தி இந்த மாதிரி ஒரு ரேஸுக்குத்தான் உண்டு.

வண்டி எங்க கிடைக்கும்?

மாருதி 800-ஐ 1983-ல இருந்து 2014 வரைக்கும் பண்ணினாங்க, 25 லட்சத்துக்கும் மேல வித்துச்சு. 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ஆக்கினாங்க. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025-ல 10,000. வீட்டு முன்னாடி பூவரசமரத்தடியில நிக்கிற வண்டியை இந்தக் காசு கட்டி யாரு புதுப்பிப்பா? நேரா காயலான் கடைதான். (காயலான் கடைங்கிற பேரே எங்க பக்கத்து ஊர் காயல்பட்டினத்துக்காரங்களால வந்ததுன்னு சொல்றது உண்டு.)

அதே காயல்பட்டினத்துல 2023 டிசம்பர்ல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டிச்சு. தாமிரபரணி கரை தாண்டி, ஏரல், ஆத்தூர்னு ஊர் ஊரா மூழ்கிச்சு. வெத்திலைக் கொடிக்கால்ல இருந்து கார் வரைக்கும் தண்ணிக்குள்ள. அதுல எத்தனை கார் அடிமாட்டு விலைக்குப் போச்சுன்னு ஊர்ல இருந்தவங்களுக்குத் தெரியும். சீட்டும் கார்ப்பெட்டும் ஒயரிங்கும் வெள்ளத்துல போன வண்டி, ரோட்டுக்கு ஆவாது. ரேஸுக்கு அதையெல்லாம் எப்படியும் பிடுங்கித்தான் எறியணும்.

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். இப்படிப் பண்ணின வண்டியை ரோட்டுல ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதி இல்லாம வண்டியை மாத்தி அமைச்சா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ஆர்.சி.யை ரத்து பண்ணிட்டு, லாரியில ஏத்தி ட்ராக்குக்குக் கொண்டு போகணும். அதான் ஒழுங்கு.

வழக்கமா வர்ற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

"மலிவுன்னா ஆபத்து." ரேஸே ஆபத்துதான். 2023-ல மட்டும் இருங்காட்டுக்கோட்டையில ஒரு மூத்த கார் பந்தய வீரரும், பைக் ஓட்டின 13 வயசுப் பையனும் இறந்துபோனாங்க. 2024 ஏப்ரல்ல இலங்கை தியத்தலாவையில ஒரு பந்தயக் கார் கூட்டத்துக்குள்ள புகுந்து ஏழு பேர் செத்தாங்க. இதையெல்லாம் மறைச்சுட்டு நான் பேசல. அதனாலதான் வண்டிக்கு உச்சவரம்பு, பாதுகாப்புக்கு வரம்பு கிடையாதுன்னு சொல்றேன். 37 குதிரைச்சக்தி வண்டி, நிரந்தர ட்ராக், தடுப்புக்குப் பின்னாடி கூட்டம், பெட்ரோல் போடும்போது டிரைவர் வெளிய, தீயணைப்பானோட ஒருத்தர் ரெடியா. அதே பையன் இப்ப என்ன பண்றான்? திருச்செந்தூர் ரோட்டுல ராத்திரி பதினோரு மணிக்கு, ஹெல்மெட் இல்லாம, பாதயாத்திரை போற ஜனங்களுக்கு நடுவுல ரேஸ் விடுறான். எது ஆபத்து? ட்ராக் கிடைச்சா எல்லாரும் ரோட்டுல திருந்திடுவாங்கன்னு நான் சத்தியம் பண்ணல. போக ஒரு இடம் கூட காட்டாம திட்டிக்கிட்டே இருக்கிற யோக்கியதை நமக்கு இல்லைன்னுதான் சொல்றேன்.

"அம்பதாயிரம்னு சொல்லிட்டு கேஜ், சூட், பெல்ட், லைசென்ஸ்னு லட்சக்கணக்குல வரும்." வரும். வண்டியை விட அதுதான் பல மடங்கு ஆகும். அஞ்சு பேர் சேர்ந்து பண்ணினா ஆளுக்கு ஒரு நல்ல பைக் விலை. நடிகர் படத்துக்கு பேனர் வெச்சு பாலாபிஷேகம் பண்ற சங்கம் ஒரே வருஷத்துல சேர்த்துடுற காசு. அதோட கேஜும் சீட்டும் அடுத்த வருஷமும் வரும்.

"ஃபார்முலா எல்ஜிபி மாதிரி ஏற்கனவே மலிவு வண்டி இருக்கே." இருக்கு. அதுல ஓட்டுறவன் ஒருத்தன், வண்டி டீமோடது, வாடகை கட்டணும். நான் கேக்கிறது, அஞ்சு பேர் சேர்ந்து, தானே பண்ணின வண்டியை, தானே ஓட்டி, தானே ரிப்பேர் பாக்கிற ரேஸ்.

"பணக்காரன் பில்லை மறைச்சு ஏமாத்துவான்." ஏமாத்துவான். அதுக்கும் மருந்து இருக்கு. ரேஸ் முடிஞ்சதும் ஜெயிச்ச வண்டியை அம்பதாயிரம் ரூபாய்க்கு, கேஜ் காசு தனியா கொடுத்து, யாரு வேணும்னாலும் வாங்கிக்கலாம்னு ஒரு விதி வைங்க. அமெரிக்காவில மண் ட்ராக் ரேஸ்ல இந்த விதி பழசு. ரெண்டு லட்சம் ரூபாயை எஞ்சினுக்குள்ள ஒளிச்சு வெச்சவன் வாயில வயித்துல அடிச்சுக்குவான்.

"எலக்ட்ரிக் காலத்துல பெட்ரோல் டப்பா எதுக்கு?" தூத்துக்குடி சிப்காட்டுலயே 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் எலக்ட்ரிக் கார் ஃபேக்டரி தொறந்தாச்சு, வருஷத்துக்கு அம்பதாயிரம் கார்னு ஆரம்பிக்கிறாங்க. சந்தோஷம், எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனா பேரிங்கும், பிரேக்கும், வெல்டிங்கும், "ஏன் நின்னுச்சு"ன்னு யோசிக்கிற மூளையும் எலக்ட்ரிக் காருக்கும் வேணும். அதைக் கத்துக்க அம்பதாயிரம் ரூபாய் 800-ஐ விட மலிவான காலேஜ் எதுவும் கிடையாது.

கடைசியா ஒண்ணு

எங்க பக்கம் கோயில் கொடைன்னா மாட்டுவண்டிப் பந்தயம் இருக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சுத்தான் விடுவாங்க. பெரிய மாடு வாங்க வசதி இல்லாதவன் பூஞ்சிட்டுல விடுவான். ஜெயிச்சா அவனுக்கும் மாலை, அவனுக்கும் மைக்குல பேரு. பூஞ்சிட்டு ஓட்டுறவனைப் பாத்து எவனும் சிரிக்கிறது இல்ல. எளியவனுக்கும் ஒரு பிரிவு வேணுங்கிற அறிவு படிக்காத நம்ம தாத்தன்களுக்கு இருந்துச்சு. கார்னு வந்ததும் அந்த அறிவை எங்க தொலைச்சோம்?

ஆக, கிளப்புகளுக்கும் விளையாட்டுத் துறைக்கும் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வருஷத்துல ஒரே ஒரு சனி, ஞாயிறு. நாளுக்கு ஆறு மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு. ஒரு டீமுக்கு நாலஞ்சு டிரைவர், அதோட உள்ளூர் மெக்கானிக் ஒருத்தர் பேர் கட்டாயம் பதிவு பண்ணணும், கோப்பையில அவர் பேரும் பொறிக்கணும். தெரு ரேஸுக்குப் போட்ட லைட் செலவுல ஒரு துளியை எடுத்து, இளைஞர் டீம்களுக்கு கேஜும் பெல்ட்டும் வாடகைக்குக் கொடுங்க. அவ்வளவுதான். எங்க ஊர்ல இருந்து இருங்காட்டுக்கோட்டை 600 கிலோமீட்டருக்கு மேல. பரவாயில்ல, லாரியில ஏத்திக்கிட்டு வர்றோம்.

டிஸ்கி: "சும்மா பதிவு போடுறியே, வண்டி எங்க"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: அண்ணாச்சி ஒரு 2001 மாடல் 800-ஐப் பாத்து வெச்சிருக்கார். தரையைக் குத்திப் பாத்தாச்சு, உள்ள போகல. ரெண்டு பேர் இருக்கோம், இன்னும் மூணு பேர் வேணும். டிரைவர் சீட்டுக்கு ஏற்கனவே ஏகப்பட்ட அடிதடி, ஸ்பானர் பிடிக்க வர்றவங்களுக்கு மட்டும் முன்னுரிமை.